சப்பாத்து விழாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்

கௌரவ தலைவர்,
பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வழங்கும் விழா ஏற்பாட்டுக் குழு,
கொழும்பு.

விடயம்: மலையகப் பிள்ளைகளின் கால்கள்

இலங்கையில் இலவசம் தலையிலிருந்துதான் இறங்கி வந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் தலைக்குக் கல்வி. 1980இல் கைக்குப் பாடப்புத்தகம். 1993இல் உடம்புக்குச் சீருடைத் துணி. காலுக்கு வந்துசேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன: மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளுக்கு 3,000 ரூபா சப்பாத்து வவுச்சர். கொழுந்து பறிப்பவரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் ஒரு சோடிக்கு இரண்டு நாள் மலை ஏறினாலும் போதவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் கணக்கைக் கேட்கவே வேண்டாம். வவுச்சர் எட்டாத பாதங்களைக் குழு தேடி வந்தது புண்ணிய காரியம்தான்.

குழுவின் திட்டமிடலையும் பாராட்டியாக வேண்டும். மேடையின் அளவு எடுத்தார்கள், பிரதம அதிதிக்குப் போர்த்தும் பொன்னாடையின் அளவு எடுத்தார்கள். பிள்ளைகளின் கால் அளவை மொத்த வியாபாரியே தீர்மானித்துவிட்டார்: தரம் 3 என்றால் இது, தரம் 5 என்றால் அது. தோட்டத்துத் தாய்மாருக்கு இந்த நுட்பம் பிடிபடவில்லை. அவர்கள் இன்னமும் பிள்ளையின் பாதத்தை ஈர்க்கில் அளந்து, வளர்த்திக்கென்று பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் கூட்டி முறித்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் டவுனுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

சப்பாத்தின் நிறமோ வெள்ளை. மே மாதம் பிறந்தால் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகும் குறுக்குப் பாதை முழுக்கச் சேறும் அட்டையும். மாலையில் கழுவிய கன்வஸ் சப்பாத்து விடிவதற்குள் காயாது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் புகை ஏறிப் பழுப்பாகும். அந்தப் பழுப்பைச் சோக்கட்டித் தூள் மூடும், வாசலில் நிற்கும் ஆசிரியரைத் தாண்டும்வரை. வெள்ளை பல பாடசாலைகளின் விதி; குழுவின் குற்றமல்ல. ஆனாலும் அமைச்சர் தோளில் கைபோட்டுப் படமெடுக்கக்கூடிய குழு, கறுப்புக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விழாவன்று செருப்போடு வந்த பிள்ளைகளை அதைக் கழற்றி மறைவாக வைக்கச் சொன்னது புகைப்படக்காரரின் கலையுணர்வு. அதிதி வரும்வரை, அதாவது உச்சி வெயில்வரை, அந்தக் கலையுணர்வு சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்றது.

அடுத்த விழாவுக்கு முன் குழு செய்யக்கூடியது கொஞ்சம்தான். பாடசாலைக்கு ஒரு கடதாசிக் கட்டு அனுப்பினால் ஆசிரியர்களே பிள்ளைகளின் பாதத்தை வரைந்து, பெயர் எழுதித் தந்துவிடுவார்கள். எடுப்பதை ஓர் அளவு பெரிதாக எடுக்கலாம். மாற்றுக் காலுறை ஒரு சோடி சேர்க்கலாம். அளவு பொருந்தாததை மாற்றித் தர, மாலை மரியாதை தேவைப்படாத ஒருவர் மறுநாளும் வந்தால் நல்லது.

விழா முடிந்ததும் பதாகையைச் சுருட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். இருபது அடி நீளம், நல்ல தடிப்பு, தலைவரின் படமும் தண்ணீர் புகாதது. லயத்துக் கூரைகள் ஒழுகுகின்றன.

இப்படிக்கு,
தரம் 5இல் படித்துக்கொண்டு, தரம் 3இன் சப்பாத்தைப் பெற்றுக்கொண்ட பிள்ளைகளின் பெற்றோர்