மைப்புட்டியோடு போருக்குப் போனவன்

வாள் தூக்குகிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் ஆட்டக் கோஷ்டியில் இல்லை. சித்தப்பா மகன் மட்டும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டான்: "அண்ணே, சண்டைக்காரனுக்கு அறிவு பதினஞ்சா? அதை வெச்சுக்கிட்டு அவன் என்ன, பேங்க் பரீட்சையா எழுதப் போறான்?"

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடுகிற ஆட்டம். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். கதைசொல்லி, நடுவர், அரக்கர்களின் மொத்தக் குத்தகைதாரர் எல்லாம் அவரே. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். நினைத்த காரியம் நடக்குமா நடக்காதா என்பதற்கு இருபது முகப் பகடையை உருட்டித் தீர்ப்பு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் இதை உருவாக்கி வெளியிட்டபோது முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள்.

கைகாக்ஸ் அதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எந்த ஆபத்தை ஏற்கலாம், அதற்கு எவ்வளவு வசூலிக்கலாம் என்று கணக்குப் பார்க்கிற உத்தியோகம். விதிப் புத்தகத்தைப் புரட்டினாலே அது தெரிந்துவிடும். பூதம் எத்தனை அடி தாங்கும், கயிறு எத்தனை பவுண்டு எடை, தீவட்டி எவ்வளவு நேரம் எரியும், எல்லாவற்றுக்கும் அட்டவணை. நீளக் காம்பு வைத்த ஆயுதங்களில் எது எந்த வகை என்று விளக்க 1985-இல் ஒரு புத்தகத்தின் கடைசியில் தனிப் பின்னிணைப்பே எழுதிச் சேர்த்தார். இப்படிப்பட்ட தகப்பன் பெற்ற ஆட்டத்தில், ஒழுங்காகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஒரு சிப்பாய்க்கு இடமில்லை என்றால் அது அநியாயம் இல்லையா?

என் சிப்பாயின் பெயர் ஆல்டரிக். சொந்த ஊர் கேண்டில்கீப். இந்த ஆட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கற்பனை உலகத்தில், கடலோரப் பாறை மேல் கோட்டையாகவே நிற்கும் நூலகம் அது. 1998-இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டு தொடங்குவதும் அங்கேதான். அந்த வாசலில் காசு செல்லாது. அவர்களிடம் இல்லாத நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் வெளியாளை உள்ளே விடுவார்கள். அங்கே ஏடு நகலெடுக்கும் எழுத்தனாக இருந்த ஆல்டரிக், ஒருநாள் எழுந்து போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். ஏன் என்று மாஸ்டர் கேட்டார். நூலகத்தில் புரமோஷன் இல்லை என்றேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரும் ஆபீஸ் போகிறவர்.

நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள். 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். சண்டைக்காரனைப் படைக்கிறவர்கள் அந்த எட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அறிவின் தலையில் கட்டிவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. விதிப்படி அறிவு வாளைக் கூராக்காது, கேடயத்தைத் தடிமனாக்காது. நான் பதினாலை எடுத்து அறிவில் போட்டேன். மனிதப் பிறவி என்பதால் எல்லாவற்றிலும் ஒன்று கூடும், பதினைந்தாயிற்று. சித்தப்பா மகன் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

பழைய பதிப்புகள் இவ்வளவு மோசமில்லை. 2003-இல் வந்த திருத்தப் பதிப்பில், எதிரியின் காலை லாகவமாக வாரிவிடும் வித்தையைக் கற்க வேண்டுமானால் அறிவு குறைந்தது 13 இருந்தாக வேண்டும். காலை வாருவதற்குக் கல்வித் தகுதி! ஆபீசில் குப்பை கொட்டியவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

எண்கள் முடிந்ததும் பூர்வீகம் எழுத வேண்டும். பட்டாளத்துப் பூர்வீகம் எடுத்தால் பதவிச் சின்னம், எதிரியிடம் பறித்த நினைவுப் பொருள், சூதாடப் பகடையோ சீட்டுக்கட்டோ கிடைக்கும். நான் எடுத்தது பண்டிதர் பூர்வீகம். அதற்குக் கிடைப்பது ஒரு புட்டி கறுப்பு மை, ஓர் இறகுப் பேனா, ஒரு சின்னக் கத்தி, செத்துப்போன சக பண்டிதர் எழுதிய ஒரு கடிதம். அதில் ஒரு கேள்வி இருக்கும். அதற்கு நாம் இன்னும் விடை கண்டிருக்க மாட்டோம். இது என் கைச்சரக்கு இல்லை, விதிப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. கேள்வி என்ன என்பதை மட்டும் நாமே வைத்துக்கொள்ளலாம். 'மலைப் பூதம் ஒரு நாளைக்கு எத்தனை ஆடு தின்னும்?' என்று வைத்தேன். கேட்டவர் எப்படிச் செத்தார் என்று மாஸ்டர் சொல்லவில்லை. கேள்வியைப் பார்த்தால் ஊகிக்கலாம்.

பண்டிதருக்கு ஒரு சலுகையும் உண்டு. ஒரு விஷயம் அவருக்குத் தெரியாவிட்டால், அது எங்கே, யாரிடம் கிடைக்கும் என்பதாவது பெரும்பாலும் தெரிந்திருக்கும். பின்னால் எலும்புக்கூடுகள் துரத்த, முன்னால் கல் கதவு மூடிக்கிடந்த ஒரு சமயம் அது பயன்பட்டது.

"அண்ணே, இதைத் திறக்கிற மந்திரம் உங்காளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா எந்த நூலகத்துல இருக்குன்னு தெரியும்."

அன்று சித்தப்பா மகன் என்னோடு அதற்கு மேல் பேசவில்லை.

ஒழுங்கு என்றால் ஆல்டரிக்தான். நீண்ட ஓய்வு எட்டு மணி நேரம் என்கிறது விதி. அதில் ஒருவர் இரண்டு மணி நேரம் வரைதான் காவல் பார்க்கலாம். நாங்கள் நாலு பேர். நாலிரண்டு எட்டு. இவ்வளவு அழகான கணக்கு வாழ்க்கையில் அடிக்கடி அமையாது என்பதால் முறைப் பட்டியல் எழுதி ஒவ்வொருவர் படுக்கையிலும் ஆல்டரிக் ஒரு பிரதி வைத்தான். தீவட்டி ஒரு மணி நேரம் எரியும். பத்து தீவட்டியில் எத்தனை மீதி என்று பதிவேடு. கொள்ளையில் கிடைத்த ஒவ்வொரு காசுக்கும் வரவு, பங்கு, கையெழுத்து. கையெழுத்துப் போடச் சொன்னதற்குத் திருடன் வேடத்தில் இருந்த சித்தப்பா மகன் ரொம்ப வருத்தப்பட்டான்.

ஆட ஆடப் பாத்திரம் படியேறும். மூன்றாம் படியில் போர்த்தந்திர நிபுணனாகும் சிப்பாய்க்கு ஒரு கைத்தொழில் இலவசம். மற்றவர்கள் கொல்லுவேலை எடுப்பார்கள். ஆல்டரிக் எடுத்தது அழகெழுத்து. பதிவேடு அதன்பிறகு பார்க்கவே லட்சணமாக ஆனது.

ஒழுங்கில் சிக்கலும் உண்டு. வளையக் கவசத்தை மாட்டப் பத்து நிமிஷம் ஆகும் என்கிறது அட்டவணை. ஒரு சுற்றுச் சண்டை என்பது ஆறு விநாடி. நடுராத்திரியில் கோப்ளின்கள் பாய்ந்தபோது ஆல்டரிக் கவசத்தை மடித்து வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து, முறைப்படி மாட்டத் தொடங்கினான். நாலாவது சுற்றில் மாஸ்டர் திரும்பினார்.

"சார், சண்டை முடிஞ்சிடுச்சு. நீங்க இன்னும் இடது கைய நுழைச்சிட்டிருக்கீங்க. வேணும்னா பாக்கி தொண்ணூத்தாறு சுத்தையும் போட்டு முடிச்சிடுங்க."

முடித்தேன். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவது அவன் சுபாவம் இல்லை.

ஏழாம் படியில் அவனுக்கு எதிரியை எடைபோடும் திறமை வந்தது. சண்டைக்கு முன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தால், இரண்டு விஷயங்களில் எதிரி நமக்கு மேலா, கீழா, சமமா என்று மாஸ்டர் சொல்லியாக வேண்டும். குகை வாசலில் மலைப் பூதம் ஒன்று ஆட்டுத் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் ஆயுதத்தை எடுக்க, நான் நோட்டை எடுத்தேன்.

"எதைத் தெரிஞ்சுக்கணும், சார்?"

"வலிமை, உடலுறுதி."

"ரெண்டுலயும் உங்களைவிட மேல, சார்."

"அண்ணே, இது மலைக்கு அந்தப் பக்கம் நிக்கும்போதே தெரிஞ்சுதேண்ணே!" என்றான் சித்தப்பா மகன்.

மலைப் பூதத்தின் அறிவு வெறும் ஐந்து. அந்த ஒன்றில் ஆல்டரிக் அதைப்போல மூன்று மடங்கு. ஆனால் கேட்டறியக்கூடிய விஷயங்களின் பட்டியலில் அறிவு கிடையாது. புத்தகம் எழுதியவர்களுக்குக்கூடப் படித்தவன் மேல் இரக்கம் இல்லை பாருங்கள். நிமிஷம் முடியும் முன் பூதத்தின் காலடியில் கிடந்த ஆட்டு மண்டையோடுகளை எண்ணிச் சொல்லும்படி மாஸ்டரைக் கேட்டேன். பகடையை உருட்டி, இன்றைய தீனி ஏழு என்றார். குறித்துக்கொண்டேன். அப்புறம் மந்திரவாதி (மாஸ்டரின் மனைவி) நெருப்புக் கோளத்தை வீசினார். நான் இரண்டு வெட்டு வெட்டினேன். பூதம் சாய்ந்தது.

"படிச்சவனைப் பட்டாளத்துல சேர்த்த பாவம்" என்று அன்று இரவு பெருமூச்சு விட்டவர்களுக்கு நான் டோல்கீனைச் சொன்னேன். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் ஃபாரமிர் என்று ஒரு படைத்தலைவன். ஏட்டையும் பாட்டையும் நேசிக்கிறவன், மந்திரவாதி கந்தால்ஃபிடம் பாடம் கேட்டவன். அதுவே அப்பாவுக்குப் பிடிக்காது. மூத்தவன் போரமிர்தான் செல்லப்பிள்ளை. கதையின் மந்திர மோதிரத்தின் ஆசையில் புத்தி தடுமாறியவன் மூத்தவன். எட்டும் தூரத்தில் கிடைத்தும் வேண்டாம் என்று விட்டவன் படித்த பிள்ளை. தன் பாத்திரங்களில் ஓரளவாவது தன்னைப் போன்றவன் ஃபாரமிர்தான் என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இருக்காதா? ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1916-இல் சோம் போர்முனையில் சமிக்ஞை அதிகாரியாக நின்றவர் அவர். யுத்தம் முடிந்ததும் நேரே ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில், டபிள்யூவில் தொடங்கும் சொற்களுக்கு வேர் தேடும் வேலைக்குப் போனார். நம் ஊரிலும் ஆள் உண்டு. ஆரியப்படை கடந்தவன் என்று பேர் வாங்கிய பாண்டியன் நெடுஞ்செழியன்தான் புறநானூற்றில் கல்வியின் அருமையைப் பாடியிருக்கிறான். "அவரு ராஜாண்ணே, தீவட்டி எண்ண ஆள் வெச்சிருப்பாரு" என்றான் சித்தப்பா மகன்.

பதில் கேண்டில்கீப் வாசலில் கிடைத்தது. ஒரு சாபத்தை நீக்கும் வழி அந்த நூலகத்தில்தான் இருந்தது. உள்ளே போக நூல் வேண்டும். மந்திரவாதி தன் மந்திரப் புத்தகத்தைத் தர முடியாது. தந்தால் அவர் மந்திரவாதியே இல்லை. எங்களில் நாலாவது ஆளான பூசாரியிடம் இருந்த பிரார்த்தனைப் புத்தகம் அங்கே ஏற்கெனவே இருந்தது. திருடன் வேறு நூலகத்திலிருந்து ஒன்றை அடித்துவரலாம் என்றான். நான் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். தீவட்டிக் கணக்கு, காவல் முறை, கோப்ளின் தாக்கும் நேரம், மலைப் பூதத்தின் ஒரு நாள் ஆட்டுச் செலவு, எல்லாம் அழகெழுத்தில். உலகத்தில் வேறு பிரதி கிடையாது என்பது நிச்சயம். வேறு யாரும் எழுதியிருக்கவே மாட்டார்கள்.

இதை வரலாற்று நூல் என்று வாசலில் நின்ற துறவியை நம்பவைக்கப் பகடையில் மொத்தம் 15 வேண்டும் என்றார் மாஸ்டர். உருட்டினேன். விழுந்தது 11. பயிற்சிக்கு 3, அறிவு பதினைந்துக்குக் கூடுதல் 2. ஆக 16. கதவு திறந்தது.

அறிவில் அந்த எட்டைப் போட்டிருந்தால் ஒன்று கூடி ஒன்பதாகியிருக்கும். ஒன்பதுக்கு ஒன்று கழிவு. மொத்தம் 13. நாலு பேரும் வாசலிலேயே நின்றிருப்போம், சாபத்தோடு. சித்தப்பா மகன் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான்.

ஆகவே புதிதாக ஆட வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எட்டைப் போட வசீகரம் என்று ஓர் இடம் இருக்கிறது. சிப்பாய் அழகாகப் பேசவேண்டும் என்று எந்தப் பூதமும் எதிர்பார்ப்பதில்லை. அறிவில் கை வைக்காதீர்கள், தீவட்டிக் கணக்கையும் எழுதி வையுங்கள்.