கேளுங்கள், கழற்றுவோம்!

கே: புது வண்டி செய்கிற ஊரில் இருந்துகொண்டு பழைய வண்டியைப் பற்றியே எழுதுகிறீர்களே? (ஒரகடம் வாசகர்)

ப: 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட், 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் வந்து சேர்ந்தது. யமஹா 2015-லேயே வல்லம் வடகாலில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. புது வண்டியைப் பூட்ட இத்தனை ஆலைகள் இருக்கின்றன. பழைய வண்டியைக் கழற்ற உங்கள் வீட்டு வாசல் ஒன்றுதான் இருக்கிறது. நான் வாசல் கட்சி.

கே: புல்லட் நல்லதா, ஆர்.எக்ஸ்.100 நல்லதா? (ஸ்ரீபெரும்புதூர்)

ப: சக்கரம் ஆடாத வண்டி நல்லது.

கே: அப்பா ஓட்டிய புல்லட். முன் ஆக்ஸில் நட் அசையவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் ஒரு போடு போடலாமா? (சுங்குவார்சத்திரம்)

ப: போடலாம், ஆனால் அதற்கு முறை வரும்வரை சுத்தியல் காத்திருக்க வேண்டும். இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். மரையின் இடுக்கில் அதற்கு இடம் ஏது? ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். நீங்கள் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது நட்டோடு அல்ல, அந்தத் துருவோடு.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷால் தேயுங்கள். இல்லாவிட்டால் கழன்று வரும் நட் பாதி வழியில் மறுபடி சிக்கும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். பிரேக் லைனிங் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. காலையில் சுத்தியலை எடுத்து நட்டின் பக்கங்களில் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அதிர்வு போதும், துரு உதிரும். மறுபடி எண்ணெய். பிறகு நட்டை இறுக்கும் பக்கம் ஒரு நூலிழை அசையுங்கள், அப்புறம் கழற்றும் பக்கம். முன்னும் பின்னுமாக அசைத்தே வெளியே கொண்டுவாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சூடு. நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரிந்து பிடியை விடும். சூடு காட்டுமுன் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் தள்ளி வையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயே காட்டாதீர்கள், உயிரைக் குடிக்கும் விஷ வாயு வரும்.

இன்னொன்று. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் பல நட்டுகள் இங்கிலாந்து இஞ்சு அளவு. விட்வொர்த் ஸ்பேனரில் 1/4 என்று பொறித்திருந்தால் அதன் வாய் 13.3 மில்லிமீட்டர். உங்கள் 13-ஆம் நம்பர் நுழையாது. 14 நுழையும், ஆடும், நட்டின் மூலைகளை மழித்துவிட்டு வெளியே வரும். அப்பாவின் டூல்பாக்ஸில் அந்தப் பழைய ஸ்பேனர் கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் அது சொத்து.

கே: ஸ்குரூ ஸ்பேனர் ஒன்று இருந்தால் எல்லா அளவுக்கும் போதாதா? (வல்லம்)

ப: தண்ணீர்க் குழாய்க்குப் போதும்.

கே: ஆர்.எக்ஸ்.100 எஞ்சின் கவர் ஸ்குரூவில் கூட்டல் குறி தேய்ந்து கிண்ணமாகிவிட்டது. என் ஸ்குரூ டிரைவர் நல்ல கம்பெனி! (மாம்பாக்கம்)

ப: கம்பெனி நல்லதுதான், நாடு வேறு. அது ஜப்பானிய வடிவமைப்பு வண்டி. ஸ்குரூவின் குழி ஜப்பானியத் தர அளவு. கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் முனை அதன் அடிவரை உட்காராமல் ஏறி வழுக்கும். தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜப்பான் ஸ்குரூ என்று பெரும்பாலும் நம்பலாம். அதற்குரிய முனையைப் போட்டு, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் பிடியுங்கள். ஒவ்வொரு அடியும் முனையைக் குழிக்குள் அழுத்திக்கொண்டே திருப்பும். ஏற்கெனவே கிண்ணமானதற்கு, தலைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தால் சூட்டுக்குச் சூடு, பிடிக்குப் பிடி.

கே: டபிள்யூ.டி.-40 அடித்தால் பேரிங் சத்தம் போகுமா? (பிள்ளைப்பாக்கம்)

ப: 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்தது அது. அட்லஸ் ஏவுகணையின் உடம்பில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் காத்த பெருமை அதற்கு உண்டு. ஏவுகணைக்குக் கிரீஸ் வேலை பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. பேரிங்குக்குள் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். சத்தம் போடும் பேரிங் மருந்து கேட்கவில்லை, ஓய்வு கேட்கிறது.

கே: ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விடலாமா? (படப்பை)

ப: ஹப்பின் நடுவில் பிரஷர் தண்ணீர் அடிக்காத கடையில் விடலாம். அப்படி ஒரு கடை கண்ணில் பட்டால் எனக்கும் விலாசம் எழுதுங்கள்.

கே: சக்கரத்து பேரிங்கை நானே மாற்ற ஆசை. எங்கே தொடங்குவது? (வல்லக்கோட்டை)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியே நடக்கிறது! முதலில் எண்ணைப் படியுங்கள். 6203 என்றால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவு. கூடவே 2ஆர்.எஸ். என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி. நம் சாலைப் புழுதிக்கு என் ஓட்டு அதற்கே.

ஆயில் சீலை எடுங்கள், சர்க்லிப் இருந்தால் அதையும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கும். அதை ஓரமாகத் தள்ளினால் எதிர்ப்பக்க பேரிங்கின் உள் வளைய விளிம்பு தெரியும். அங்கே இரும்புத் தண்டை வைத்து, இடம் மாற்றி மாற்றித் தட்டுங்கள். அலுமினிய ஹப்பைச் சூடாக்கிக்கொண்டால் வேலை பாதியாகும். 40 மில்லிமீட்டர் இருக்கை 80 டிகிரி ஏறினால் சுமார் 0.07 மில்லிமீட்டர் விரியும். அந்த இடைவெளிதான் உங்கள் வெற்றி. புது பேரிங்கை முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பாலிதீன் பையில் சுற்றி வையுங்கள், வீட்டம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

மாட்டும்போது ஒரே சட்டம்: அடி வெளி வளையத்தில் மட்டும். அதன் அளவுக்குச் சரியான சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். உள் வளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழும். ஒரு பக்கம் முழுதாக உட்கார்ந்ததும் ஸ்பேசரைப் போடுங்கள், பிறகு மறுபக்கம். ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஸ்பேசரை மறந்து ஆக்ஸிலை இறுக்கினால் இரண்டு பேரிங்கும் பக்கவாட்டில் நெரிபட்டுச் சீக்கிரமே போய்விடும்.

கே: கழற்றிய பேரிங் நன்றாகத்தான் சுற்றுகிறது. கழுவி மறுபடி மாட்டலாமா? (ஸ்ரீபெரும்புதூர்)

ப: உள் வளையத்தில் அடித்துத்தானே கழற்றினீர்கள்? தூக்கிப் போடுங்கள்.

கே: புதுப்பேட்டையில் பழைய பேரிங் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே? (குன்றத்தூர்)

ப: புதுப்பேட்டையில் மட்கார்டு வாங்குங்கள், ஹேண்டில்பார் வாங்குங்கள், கண் குளிரச் சுற்றிப் பாருங்கள். பேரிங் மட்டும் புதுசு, பில்லோடு.

கே: நைட் ஷிப்ட் முடிந்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வீடு திரும்புகிறேன். பின்சக்கரம் லேசாக ஆடுகிறது. காண்ட்ராக்ட் வேலை. சம்பளம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம்)

ப: வேண்டாம் தம்பி. இன்றைக்கே சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கலாம். சக்கரம் மட்டும் ஆடினால் முதல் சந்தேகம் பேரிங். கையால் சுற்றிவிட்டு ஸ்விங் ஆர்மைத் தொட்டுப் பாருங்கள், தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு கைக்குத் தெரியும். பேரிங் உள்ளே உடைந்தால் குண்டுகள் ஒரு பக்கம் ஒதுங்கும், சக்கரம் சாயும், செயின் இழுக்கும். பின்னால் கண்டெய்னர் லாரி வரும் சாலை அது. தூக்கக் கண்ணோடு வருகிற உங்களுக்குச் சுதாரிக்க நேரம் இருக்காது. சில நூறு ரூபாய் பேரிங் இது. பக்கத்து மெக்கானிக்கிடம் நிலைமையைச் சொல்லுங்கள், கடனுக்குச் செய்துகொடுப்பவர்கள் நம் ஊரில் உண்டு. சரியாகும்வரை கம்பெனி பஸ்ஸில் போங்கள். வண்டி காத்திருக்கும்.

கே: பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஆலை வேலை கிடைக்கும்வரை பழைய வண்டியைக் கழற்றிக்கொண்டே கிடக்கிறான். கண்டிக்கவா? (ஓர் அம்மா, மதுரமங்கலம்)

ப: கண்டிக்காதீர்கள் அம்மா. அசெம்பிளி லைனில் போல்ட் புதுசு, மரை சுத்தம், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை மெஷினே சொல்லிவிடும். துருப்பிடித்த போல்ட் உடையப்போகும் கணத்துக்கு முன்னால் ஸ்பேனர் ஒரு மாதிரி இளகும். அதைக் கையால் உணர்ந்து நிறுத்துகிற பக்குவம் பழைய வண்டியில்தான் வரும். அந்தக் கையோடு ஆலைக்குள் போகிறவன், ஒரு போல்ட் தப்பாக ஏறுவதை மெஷினுக்கு முன்னால் கண்டுபிடிப்பான். ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: திரும்ப மாட்டும்போது ஆக்ஸிலுக்குக் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். அடுத்துக் கழற்றப்போகிறவனும் ஒரு தாயின் பிள்ளைதானே!

கே: அடுத்த வாரம் கார் பற்றிப் பதில் சொல்வீர்களா? (இருங்காட்டுக்கோட்டை)

ப: முதலில் இரண்டு சக்கரம் ஆடாமல் நிற்கட்டும்.