குதிகாலால் அறியப்படும் நுண்ணுயிர்: நாஸ்டாக் கம்யூன் குறித்த ஓர் ஆய்வு

நாஸ்டாக் கம்யூனை ஆராய்ந்தோர் இரு தரப்பினர்: நுண்ணோக்கியால் கண்டவர்கள், குதிகாலால் கண்டவர்கள். முன்னவர்கள் நூல் எழுதினார்கள். பின்னவர்கள் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார்கள். இக்கட்டுரை இரு தரப்பையும் சமமாகவே மதிக்கிறது.

ஆய்வுக்களம், கிணற்றடிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவிலுள்ள வெறுந்தரை. கோடையில் அங்கே கருத்துச் சுருங்கிய பொருக்காகக் கிடப்பதை யாரும் சட்டை செய்வதில்லை. ஒரு மழை பெய்தால் நீரைக் குடித்து, கரும்பச்சைக் கூழாக உப்பிவிடும். வீட்டாருக்கு அது 'பாசி'. விழுந்த பின் 'சனியன்'.

வகைப்பாடுதான் பெருங்குழப்பம். விண்மீனிலிருந்து விழுந்த கூழ் என்று ஐரோப்பாவில் நம்பினார்கள். லின்னேயஸ் 1753இல் 'ட்ரெமெல்லா'வில் சேர்த்தார். அந்தப் பெயர் இப்போது காளான்களுக்குப் போய்விட்டது. 1803இல் வோஷே இன்றைய பெயரைச் சூட்டினார். பின்னால் வந்த போர்னே, ஃப்ளாவோ பெயர்களும் ஒட்டிக்கொள்ள, இழையைவிடப் பெயர் நீளமாயிற்று. செல்லில் உட்கரு இல்லாததை முன்னிட்டு, நீலப்பசும் பாசிகள் எனப்படும் இவ்வகை உயிர்களைப் பாக்டீரியாப் பெயர்விதிக்குள் கொண்டுவரும்படி 1978இல் ஸ்டேனியர் குழுவினர் முன்மொழிந்தார்கள். தாவரவியலார் விடுவதாயில்லை. இத்தனை மாற்றல் உத்தரவு வாங்கியும் இருந்த இடத்தைவிட்டு நகராத அரசு ஊழியர் வேறெவரும் இலர்.

வடிவம் எளிது. உருண்டைச் செல்கள் கோத்த, கிளையற்ற சரங்கள் கூழுக்குள் சுருண்டு கிடக்கும். இடையிடையே தடித்த சுவருடைய ஹெட்டிரோசிஸ்ட் செல்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவது இவற்றின் வேலை. அந்த வேலைக்கான நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆகவே இவை ஆக்சிஜனை வெளியிடுவதில்லை, இனிப் பிரிந்து பெருகுவதுமில்லை. வழுக்குவதற்குப் பொறுப்பு செல்கள் அல்ல, கூழ்தான் என்பதை நியாயம் கருதிப் பதிவு செய்கிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிகாச்சாரி 1959இல் நீலப்பசும் பாசிகளுக்கென்றே 'சயனோஃபைட்டா' என்னும் பெருநூலைத் தந்தார். குதிகால் தரப்பு இன்னும் தன் முதல் நூலைத் தரவில்லை.

பாசியைச் சுரண்டி வெயிலில் காயப்போட்டால் ஒழிந்தது என்பது மாமியார்கள் கொள்கை. 87 ஆண்டு உலர்ந்து கிடந்த மாதிரியை லிப்மன் நீர்விட்டு உயிர்ப்பித்ததாக 1941இல் வெளியிட்டபோதே அக்கொள்கை தகர்ந்தது. சுரண்டியதைப் பூந்தொட்டியில் போடலாம், மண்ணுக்கு நைட்ரஜன் சேரும். தொட்டியோரம் நடப்பவர்களுக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.