குடும்பச் சுற்றுலாவின் ஐந்திணை: மாமல்லபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நுதலிய பொருள்

அன்பொடு புணர்ந்த அக ஒழுக்கத்தை ஐந்து திணையாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் முதல், கரு, உரி என மூன்று பொருளும் வகுத்த தொல்காப்பியர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்: பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் வெளியே போய்வருதல். அவர் காலத்தில் அரையாண்டு விடுமுறை இல்லாமையின் அவரைக் குறை கூறுதல் தகாது. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம் மாமல்லபுரம். காரணம் மூன்று. சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பாறை, மணல், கடல், ஆடு, ஐஸ்கிரீம் ஆகிய ஐந்தும் நடக்கிற தூரத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகள் ஏற்றுக்கொள்வது இவற்றுள் மூன்றாம் காரணத்தை மட்டுமே.

முல்லை: இருத்தல்

முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது ஆற்றியிருந்து காத்திருத்தல். இலக்கியத்தில் தலைவி காத்திருப்பாள். இங்கே தலைவன் காத்திருக்கிறான், காரில், ஏசி போட்டுக்கொண்டு. பாட்டி ஐந்து மணிக்கே பட்டுப்புடவை கட்டிக் கூடத்தில் அமர்ந்துவிட்டார். புளியோதரை தூக்குவாளியில் ஏறிவிட்டது. சின்னவளின் ஒரு கால் செருப்பு மட்டும் காணவில்லை. அது கிடைத்து, வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, எல்லோரும் காரில் ஏறியபின் ஒரு குரல் எழுகிறது: "அம்மா, உச்சா."

பூட்டு திறக்கப்படுகிறது. இதனை இலக்கணமாக்கி,

விடியலில் கிளம்புதும் என்றோர் யாவரும்
நண்பகல் எய்துப காரினுள் என்ப

என நூற்பா செய்தோம். 'யாவரும்' என்றதனால் விதிவிலக்கு இல்லை என்பது பெறப்படும்.

பாலை: பிரிதல்

பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். மேலைநூற்பாவின்படி குடும்பம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பதும் அதே பொழுது. பொருத்தம் வியப்பளிக்கிறது. அரையாண்டு விடுமுறையின் பெரும்பொழுது மட்டும் முன்பனி என்பதால் இடிக்கிறது. கண்ணாடி வழியே அடிக்கும் வெயிலைக் கண்டோர் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தார்.

பாலை வழியின் கொடுமைகளாகப் புலவர்கள் கள்வரையும் கள்ளியையும் பாடினர். இவ்வழியின் கொடுமை, "அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்பது. திருவான்மியூரில் கேட்டதற்கும் கோவளத்தில் கேட்டதற்கும் விடை ஒன்றே: "இதோ வந்தாச்சு." வடநெம்மேலி முதலைப் பண்ணையின் பலகை கண்ணில் படுமுன் பிள்ளைகளைத் திசைதிருப்புதல் அறிவுடைமை. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய அப்பண்ணையில் நுழைந்தால் மாமல்லபுரம் அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போகும். முதலை அசைகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை நகர்த்த எந்த நூலிலும் வழி சொல்லப்படவில்லை.

மருதம்: ஊடல்

மருதத்துக்கு நிலம் வயலும் வயல் சார்ந்த இடமும் என்பர். வண்டி நிறுத்துமிடம் என்பது எம் துணிபு.

"என்னங்க, பிள்ளைங்க தொப்பி எங்க?"

"நீதானே பையில வச்சே?"

"நான் வச்ச பையைத்தான் எடம் இல்லன்னு நீங்க எறக்கி வச்சீங்களே!"

ஊடல் தீர்க்க வரும் தூதுவரை வாயில் என்பர். பாணன், தோழி முதலியோரோடு புதல்வனும் வாயிலாவது சங்க மரபு: மகனைத் தூக்கிக்கொண்டு வரும் கணவனைக் கண்டு மனைவி மனம் இளகுவாள். இங்கும் புதல்வன் இடையில் புகுகிறான். "ஆமாம்மா, அப்பாதான் எறக்கி வச்சார். நான் பார்த்தேன்." இவ்வாறு, பழைய இலக்கியத்தில் ஊடலைத் தணித்த அதே பாத்திரம் இக்காலத்தில் அதை வளர்ப்பது அறியப்படும். இறுதியில் ஊடலைத் தீர்ப்பவர் பக்கத்திலேயே பனையோலைத் தொப்பி விற்கும் அம்மாள். அவரையும் வாயில்களுள் சேர்த்தல் வேண்டும்.

குறிஞ்சி: கூடல்

குறிஞ்சி மலையும் மலை சார்ந்த இடமும். அதன் உரிப்பொருளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆராய்தல் முறையன்று. குடும்பம் முழுவதும் ஒரே படத்துக்குள் கூடுதல் என்று இங்குப் பொருள் கொள்க. அதற்கு உரிய இடம் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கும் அந்தக் கல் ஏறத்தாழ 250 டன் எடை என்பர். 1908இல் சென்னை ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, ஏழு யானைகளை விட்டு இழுக்கச் செய்தும் அது நகரவில்லை என்று சொல்வார்கள். அன்று தொட்டு வருகிற ஒவ்வொரு குடும்பத் தலைவனும் அதைக் கைகளால் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்கிறான்.

பிள்ளைகள் உருண்டையை ஒரு முறை பார்த்தார்கள். பிறகு அதனருகே உள்ள சரிவைப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கால்சட்டைகள் தேய்த்துத் தேய்த்து அந்தப் பாறை வழுவழுத்துக் கிடக்கிறது. உளி படாமல் உருவான ஒரே மாமல்லபுரச் சிற்பம் இது என்பது எம் கருத்து. வேலை இன்னும் முடியவில்லை. சறுக்கத் தொடங்கிய நான்கு வயதுப் பிள்ளையை இறக்கிக் கூட்டிவர ஏழு யானை போதுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

நெய்தல்: இரங்கல்

நெய்தலுக்கு உரியது எற்பாடு. அது பொழுது சாயும் நேரம் என்பார் பலர். உரிப்பொருள் இரங்கல். தொல்காப்பியர் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

கடற்கோயிலை இரண்டாம் நரசிம்மனாகிய இராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தான் என்று தந்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் அதன் புல்வெளியில் ஓடிய அணிலைப் பின்தொடர்ந்தனர். பின்பு அலை. "முழங்கால் வரைக்கும்தான்" என்ற ஒப்பந்தம் முதல் அலையிலேயே முறிந்தது. மாற்றுத்துணி இருந்ததோ, வீட்டில் இறக்கி வைக்கப்பட்ட அதே பையில்.

கடல்கண்ட சிறாஅர் கரைவிட் டகலார்
அகற்றின் அழுப அழுதபின் துயில்ப.

உரிப்பொருள் அல்லாதவை திணை விட்டுத் திணை மயங்கலாம் என்பது இலக்கணம். இங்கோ உரிப்பொருளே மயங்குகிறது. பிள்ளைகள் இரங்க, பெற்றோர் பையை நினைத்து மீண்டும் ஊட, பாட்டி காரில் ஆற்றியிருக்கிறார். மூன்று திணை, ஒரே மணல். இலக்கணம் வழுவியது என்னாது, குடும்பம் வந்தது என்று அமைதி கூறுக.

புறனடை: பூனைத் தபசு

மலைப்பகுதியில் கண்ட ஒன்று தனியே ஆராயத்தக்கது. 30 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள அந்தப் பெரும் புடைப்புச் சிற்பம் பாசுபதம் வேண்டிய அருச்சுனன் தபசா, கங்கையை இறக்கிய பகீரதன் தவமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகின்றனர். இரு கட்சியாரும் மேலே கைதூக்கி ஒற்றைக்காலில் நிற்கும் தவசியையே பார்க்கிறார்கள்.

மூன்றாம் கட்சி பிள்ளைகளுடையது. "அப்பா, பூனை!" என்றான் பெரியவன். யானையின் தந்தத்துக்கு அருகே, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனை. அதன் காலடியில் எலிகள். கங்கைக்கரையில் தவசி வேடம் பூண்டு எலிகளை நம்பவைத்துத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் உண்டு. பிள்ளைகளுக்கு அக்கதை தெரியாது. பூனை நடிக்கிறது என்பது மட்டும் பார்த்தவுடன் தெரிந்தது. அடுத்துப் பெரிய யானையின் வயிற்றுக்கடியில் குட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அப்பால், பேன் பார்க்கும் கற்குரங்குக் குடும்பம். "பாட்டி உனக்குப் பாக்கற மாதிரியே!" என்று தங்கையிடம் சொல்லப்பட்டது.

கடா: பிள்ளைகள் முக்கியமானதை விட்டு அற்பமானதைப் பார்க்கிறார்கள் அல்லவா?

விடை: அன்று. பறக்கும் தேவர்கள் மேலே செதுக்கப்பட்டிருக்கிறார்கள். யானைக்குட்டியும் பூனையும் எலியும் கீழே. தேவர்களைக் காண அண்ணாந்து கழுத்து வலிக்க வேண்டும்; பூனையைக் காண மூன்றரை அடி உயரம் போதும். அருச்சுனனோ பகீரதனோ மட்டுமே நோக்கமாயின், அத்தனை பெரிய தவத்தின் கீழ் அதைக் கேலி செய்யும் ஒரு பூனையை வைக்க வேண்டிய தேவை பல்லவச் சிற்பிக்கு இல்லை. அரசனுக்கு மேல்பகுதியையும் தம் வீட்டுப் பிள்ளைக்குக் கீழ்ப்பகுதியையும் அவர் ஒதுக்கினார் என்று கொள்வதே பொருந்தும். ஆகவே நாள் முழுதும் நாம் காட்டியதைப் பாராமல் ஆட்டையும் அணிலையும் பார்த்த பிள்ளைகள், சிற்பி காட்ட நினைத்ததைச் சரியாகவே பார்த்தவர்கள் ஆவர்.

இதனால் பெறப்படும் பரிந்துரை ஒன்றே: அச்சிற்பத்தின்முன் பெரியவர்கள் முழந்தாளிட்டு நின்று பார்க்க வேண்டும். மூட்டுவலி உள்ளோர்க்கு விலக்கு உண்டு. அவர்கள் தகவல் பலகையைப் படித்துக்கொள்ளலாம்.