பூஞ்சைக்கு 400 லிட்டர்

(நாமக்கல் மாவட்டம், புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. 2025 சித்திரை வெயில். கரண்ட் போய் அரை மணி நேரம். ஜெனரேட்டர் இருமுகிறது, ஓட மாட்டேன் என்கிறது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். பண்ணைக்காரர் துண்டால் விசிறிக்கொள்கிறார்.)

பண்ணைக்காரர்: போன மாசந்தானப்பா சர்வீஸ் பண்ணிக் காசு வாங்கிட்டுப் போன? கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குது பாரு.

மெக்கானிக்: மெஷின்ல ஒண்ணுமில்லீங்ணா. ஃபில்டரைப் பாருங்க, பாசி புடிச்ச தொட்டியாட்ட இருக்குது. டீசல் எப்ப வாங்குனீங்க?

பண்ணைக்காரர்: நல்ல டீசலப்பா, நானே பக்கத்துல நின்னு புடிச்சது. 2022 மார்ச்சு. முந்தாநாள்தான் டிரம்மையே தொறந்தேன்.

மெக்கானிக்: மூணு வருசமாச்சுங்களா!

பண்ணைக்காரர்: புத்தி இருக்கறவன் செய்யற வேலை அது. அஞ்சு மாநிலத் தேர்தல் ரிசல்ட்டு மார்ச் 10ல வந்துச்சு. இனி ஏத்திப்போடுவாங்கன்னு ஊரே பேசுச்சு. சென்னை ரேட்டு 91.43ல நின்னப்பவே ரெண்டு டிரம், 400 லிட்டர் புடிச்சுப் போட்டேன். 22ஆம் தேதி ஏத்த ஆரம்பிச்சாங்க. ஏப்ரல் 6க்குள்ள நூறைத் தாண்டிருச்சு!

மெக்கானிக்: அப்பவே ஊத்தி ஓட்டியிருக்கலாமுங்களே?

பண்ணைக்காரர்: 110 ஆகட்டும்னு விட்டேன்.

மெக்கானிக்: ஆச்சுங்களா?

பண்ணைக்காரர்: மே மாசம் டெல்லியில வரியக் கொறைச்சுட்டாங்க. 94க்கு எறங்கிருச்சு. மறுபடி ஏறாமயா போயிரும்னு பொறுத்தேன். 2024 மார்ச்சுல இன்னும் ரெண்டு ரூவா கொறைச்சு 92 சொச்சத்துக்கு வந்துருச்சு.

மெக்கானிக்: அப்ப லிட்டருக்கு ஒரு ரூவா லாபம். 400 லிட்டருக்கு 400 ரூவா. இந்தா, இந்த ஃபில்டருக்கே அது பத்தாதுங்ணா.

பண்ணைக்காரர்: ஏம்ப்பா, நெல்லு பழசானா சோறு ருசி. புளி பழசானா மருந்து. இந்த டீசல் பூமிக்குள்ள கோடி வருசம் கெடந்தப்ப கெட்டுப்போகல, என்ற கொட்டாயில மூணு வருசம் கெடந்தா கெட்டுப்போயிருமா?

மெக்கானிக்: பூமிக்குள்ள கெடந்தது கச்சா எண்ணெய்ங்ணா. அங்க காத்துமில்ல, தகரக் கூரையுமில்ல. இங்க பகல்ல டிரம் கொதிச்சு உள்ள இருக்கற காத்தை வெளிய தள்ளுது. ராத்திரி குளுந்து ஈரக்காத்தை உள்ள இழுக்குது. மழை பெஞ்சு டிரம்மு மேல தண்ணி தேங்குனா மூடியோரமா அதையும் உறிஞ்சிக்கும். அம்புட்டும் அடியில போய் நிக்கும். தண்ணியும் டீசலும் சேர்ற எடத்துல பாக்டீரியாவும் பூஞ்சையும் குடித்தனம் பண்ணும். டீசல்தான் அதுகளுக்குச் சோறு.

பண்ணைக்காரர்: நான் கோழிக்கு மட்டுந்தான் தீவனம் போடறேன்னு நெனச்சேன்.

மெக்கானிக்: பூஞ்சைக்கும் 400 லிட்டர் போட்டிருக்கீங்க. அதுக சேர்த்து வெச்சதுதான் இந்தக் கொழகொழப்பு. அதில்லாம, காத்துப்பட்ட டீசல் தானாவே கறுத்துப் பிசினாகும். நெழல்ல, தண்ணி சேராம, மூடி இறுக்கி வெச்சாலும் ஆறு மாசம், மிஞ்சிப்போனா ஒரு வருசந்தான்.

பண்ணைக்காரர்: அடுத்து, டிரம் வெச்சது சட்டப்படி குத்தம்னு சொல்லுவியா?

மெக்கானிக்: இல்லீங்ணா. 1934ஆம் வருசத்துப் பெட்ரோலியம் சட்டப்படி டீசல் 2500 லிட்டர் வரைக்கும், ஒரு கலன்ல 1000க்கு மேல போகாம வெச்சா லைசென்ஸ் வேண்டியதில்ல. சட்டம் விட்டுருச்சு, பூஞ்சைதான் விடல.

பண்ணைக்காரர்: பெட்ரோல் ஒரு 20 லிட்டர் கேன்ல கெடக்குது. மருந்தடிக்கற ஸ்பிரேயருக்குன்னு போன வருசம் வாங்குனது.

மெக்கானிக்: அது 30 லிட்டர் தாண்டுனாத்தான் லைசென்ஸ் கேப்பாங்க. ஆனா பெட்ரோலுக்கு ஆயுசு இன்னுங் கம்மி. இப்பெல்லாம் அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் எத்தனால் கலக்கறாங்க. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறுனா தண்ணியக் கூட்டிக்கிட்டு அடியில போய் உக்காந்துக்கும். சீக்கிரம் பத்திக்கற சரக்கு ஆவியாப் போயிரும். மிச்சத்தை ஊத்திக் கயிறு இழுத்தா உங்க தோள்பட்டைதான் கழலும்.

பண்ணைக்காரர்: அடப்பாவி! ஸ்பிரேயர் சொத்தைன்னு போன மாசந்தான் பாதி வெலைக்குத் தள்ளிவிட்டேன்.

(சிறிது மௌனம். கோழிகள் மட்டும் பேசுகின்றன.)

பண்ணைக்காரர்: இலங்கையில 2022ல ஆளுக பங்க் வாசல்ல நாள்கணக்கா நின்னாங்களே. நமக்கும் அப்படி வந்தா?

மெக்கானிக்: அங்க பைக்குக்கு வாரம் நாலு லிட்டர்னு அளந்து குடுத்தாங்க. வாங்குன வாரமே தீந்துபோச்சு, பூஞ்சை புடிக்க ஏதுங்ணா நேரம்? நீங்க சேலம் ரோட்டு மேல பங்க்கை வெச்சுக்கிட்டுக் கொட்டாயில பூட்டி வெச்சிருக்கீங்க. அதிருக்கட்டும், நேத்து முட்டை வண்டி வரலன்னு எதுக்கு அந்தச் சத்தம் போட்டீங்க?

பண்ணைக்காரர்: இந்த வெயில்ல முட்டை தேங்குனா என்னாகும்னு உனக்கென்ன தெரியும்?

மெக்கானிக்: ரெண்டு நாள் கழிச்சு என்.இ.சி.சி. சொல்ற முட்டை ரேட்டு ஏறும்னு தெரிஞ்சாலும் வெக்க மாட்டீங்களா?

பண்ணைக்காரர்: ஏறுற பைசாவுக்கு அழுகற முட்டை ஈடாகுமா? கோழி நாளைக்கும் முட்டை வெக்குமப்பா!

மெக்கானிக்: 2017 ஜூன் 16லருந்து டீசல் ரேட்டையும் தெனம் மாத்திக்கலாங்கற முறைதானுங்ணா. பங்க்கும் நாளைக்குத் தொறக்கும்.

(கரண்ட் வருகிறது. மோட்டார் ஓடிக் கூரையில் தண்ணீர் தெளிக்கிறது.)

பண்ணைக்காரர் (குரலைத் தாழ்த்தி): அந்த டிரம்மைப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு 85க்குக் குடுத்துரலாமா?

மெக்கானிக்: குடுங்க. அவரும் எங்கிட்டதான் வருவாரு. எனக்கு ரெண்டு பில்லு.

பண்ணைக்காரர்: சரி, என்ன பண்ணோணும்னு சொல்லித்தொலை.

மெக்கானிக்: டேங்கைக் கழுவி ஃபில்டரை மாத்திக் குடுக்கறேன். ஒரு மாசத்துக்கு ஆகறதை மட்டும் வாங்குங்க. பழசை முதல்ல தீருங்க. மாசம் ஒருக்கா கரண்ட் இருந்தாலும் ஜெனரேட்டரை லோடு போட்டு ஓட்டுங்க. வாங்குன தேதியை டிரம்மு மேல சாக்பீஸ்ல எழுதி வெயுங்க. முட்டைக்கு மட்டுமில்லீங்ணா, டீசலுக்கும் நாள் கணக்கு உண்டு.