கையுறை வாங்கிய கதை

நேற்றுக் காலை லாண்டரிக்காரர் போன் செய்தார். “சார், ஜாக்கெட் ரெடி. ஆனா நீங்களே நேர்ல வந்து ஒரு தடவை பாத்துட்டு எடுத்துட்டுப் போயிட்டா நல்லது” என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து இந்தக் குரலில் போன் வந்தால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான். போய்ப் பார்த்தேன். ஜாக்கெட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே இருந்த வாத்து இறகு மொத்தமும் ஒரு மூலையில் போய் உருண்டு திரண்டிருந்தது. மீதி இடமெல்லாம் வெறும் துணி. பிள்ளையார் சதுர்த்தியன்று தட்டில் கொழுக்கட்டை அடுக்கியது போல வரிசை வரிசையாக உருண்டைகள். துவைத்த கூலி 850 ரூபாய்.

ஜாக்கெட் என்னுடையது அல்ல, மச்சினனுடையது. சிகாகோவில் வாங்கியது. “எதுக்கு அத்திம்பேர் காச வேஸ்ட் பண்றீங்க? எங்கிட்ட இருக்கு, எடுத்துக்கங்க. வந்து ஒரு வாஷ் பண்ணிக் கொடுத்துடுங்க போதும்” என்றான். ஓசியில் வந்ததாயிற்றே என்று வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான்.

நான் எழுத உட்கார்ந்தது ஜாக்கெட்டைப் பற்றி இல்லை, கையுறையைப் பற்றி. குறைந்த செலவில் பனிச்சறுக்குக்குத் துணிமணி வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அது கையுறையில்தான் இருக்கிறது. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அது விளங்கும்.

புனேயில் இருக்கும் மாப்பிள்ளை தை மாதம் எல்லாருக்குமாக மணாலிக்கு டிக்கெட் போட்டார். அங்கிருந்து சோலங் பள்ளத்தாக்கில் ஒரு காலைப்பொழுது பனிச்சறுக்குப் பயிற்சி. “மாமா, நீங்களும் பண்றீங்க” என்று சொல்லிவிட்டார். எனக்கு 58 வயது. இதுவரை நான் சறுக்கியதெல்லாம் அம்மா மண்டபத்துப் படித்துறைப் பாசியில்தான். அதற்கு இடுப்பில் ஒரு வேட்டி போதுமானதாக இருந்தது.

மாப்பிள்ளை ஒரு பட்டியல் அனுப்பினார். நம் வீடுகளில் பட்டியலை எப்படிப் படிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். எதை வாங்க வேண்டும் என்று பார்க்க மாட்டோம், எதை வாங்காமல் தப்பிக்கலாம் என்றுதான் பார்ப்போம். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு பொருளில் எட்டை அடித்தேன். மிச்சம் மூன்றுக்காக மனைவியோடு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன்.

துணிக்கடை வாசலில் நின்ற பையனிடம், “ஜாக்கெட் எங்கப்பா இருக்கு?” என்றேன். “மேட்சிங்கா சார்? ரெண்டாவது மாடி” என்றான். “லேடீஸுக்கு இல்ல, எனக்கு” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் அம்பாளாகப் புடவை உடுத்தி, கிரீடம் தரித்து, சுவாமிக்குப் பூஜை செய்யப் போகும் திருவானைக்காவல் ஊர்க்காரன் நான். அதை நித்தம் பார்க்கிற எனக்கே அந்தப் பையனின் பார்வை கூச்சமாக இருந்தது. மச்சினனின் ஜாக்கெட்டுக்கு நான் சரி என்று சொன்னது அந்த நிமிஷத்தில்தான்.

பிறகு விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். அங்கே இருந்த இளைஞர் மிகவும் மரியாதையானவர். அந்த மரியாதைதான் ஆபத்து. “சார், த்ரீ லேயர்ஸ்” என்று ஆரம்பித்தார். உடம்போடு ஒட்டி ஒன்று, அது வியர்வையை வெளியே தள்ளும். அதற்கு மேல் ஒன்று, அது சூட்டைப் பிடித்து வைக்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று, அது காற்றையும் தண்ணீரையும் தடுக்கும். எங்கள் ஊர்த் தல புராணத்தில் சுவாமி மேல் சருகு விழாமலிருக்கச் சிலந்தி வலையால் பந்தல் போட்டது. ஒரே அடுக்குதான் போட்டது. அந்தப் புண்ணியத்துக்கே அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. மூன்று அடுக்கு வாங்க வேண்டும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

“உள்ளே போட்டுக்க என்கிட்ட நல்ல காட்டன் பனியன் இருக்குப்பா, திருப்பூர்” என்றேன் பெருமையாக. அவர் முகம் வாடிவிட்டது. பருத்திதான் கூடவே கூடாதாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உட்கார்ந்திருக்குமாம், உடம்புச் சூட்டை இழுத்துவிடுமாம். சித்திரை வெயிலில் எந்தக் குணத்துக்காகப் பருத்தியைக் கொண்டாடுகிறோமோ, அதே குணத்துக்காக அங்கே அதைத் தள்ளி வைக்கிறார்கள். ஐம்பது வருஷமாக உடம்போடு ஒட்டி உறவாடிய ஒன்றைப் பற்றி இப்படி ஒரு சேதி வந்தால் மனசு என்ன பாடுபடும்!

அடுத்து பேண்ட். சீட்டில் ‘10,000 மிமீ’ என்று போட்டிருந்தது. நீளமா என்று கேட்டேன். இல்லையாம். அந்தத் துணியின் மேல் பத்தாயிரம் மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் உள்ளே கசிய ஆரம்பிக்குமாம். பத்து மீட்டர். ஏறக்குறைய 33 அடி. காவிரிக்கரைக்காரனிடம் தண்ணீர்க் கணக்கை அடியில் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் நீர்மட்டம் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்கிறவர்கள் நாங்கள். அணையின் முழுக் கொள்ளளவுக்கு 120 அடி. அதில் 33 அடி ஆழத்தில் நான் நிற்கிற வேலை எங்கே வரப்போகிறது? அப்படி நின்றால் பேண்ட் நனையாமல் இருந்து யாருக்கு என்ன லாபம்? “ஐயாயிரத்துலயும் இருக்கு சார்” என்றார். அதுவே பதினாறு அடி. எங்கள் ஊர் சுவாமி அப்பு லிங்கம், தண்ணீரிலேயே இருக்கிறவர். கருவறையில் ஊறுகிற தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவனை ஈரத்தைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஸ்கூட்டரில் போகும்போது போட்டுக்கொள்ளும் மழைக்கோட்டின் பேண்ட் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவே போதும் என்று தீர்மானித்தேன்.

இப்போது தலை. கையுறைக்கு முன்னால் தலையை முடித்துவிடுகிறேன்.

தலைக்கு இரண்டு பொருள் சொல்லியிருந்தார் மாப்பிள்ளை. உச்சந்தலையையும் காதையும் மூட ‘பீனி’, 499. கழுத்தையும் வாயையும் மூட ‘நெக் வார்மர்’, 399. இரண்டையும் கையில் எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ரத்தம் கொதித்தது. இது நம் குரங்குக் குல்லா! குரங்குக் குல்லாவைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேல் துண்டுக்கு ஒரு பெயர், கீழ்த் துண்டுக்கு ஒரு பெயர் வைத்து, தனித்தனியாக விற்கிறார்கள். முழுக் குல்லாவை என் அப்பா முப்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கினார். மூக்குக்கு ஜன்னல் வேறு இலவசம்.

குல்லா விஷயத்தில் திருவானைக்காவலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் பெட்டிக்குள்ளிருந்து பாச்சை உருண்டை வாசனையோடு குல்லாக்கள் வெளியே வரும். மார்கழி விடியற்காலையில் சன்னதி வீதியில் நின்று பாருங்கள். குளிர் என்னவோ இருபது, இருபத்தொரு டிகிரி. குளிர்தேச ஆசாமி அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்னுகிற தட்பவெப்பம். நம்மவர் இடுப்பில் வேட்டி, மேலே துண்டுகூடக் கிடையாது, காலில் செருப்பு கிடையாது, தலையில் மட்டும் குல்லா. நெஞ்சு, முதுகு, தொப்பை எல்லாம் காற்றாட இருக்கும். காது மட்டும் கோட்டைக்குள் இருக்கும். ஏனென்றால் பனி காது வழியாகத்தான் இறங்கும். இதை எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்காதீர்கள். பாட்டி சொன்னாள்.

குல்லாவில் ஜாதிகள் உண்டு. முகம் முழுக்க இறக்கி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய விடுகிற தீவிரவாதிகள். நெற்றிக்கு மேல் சுருட்டி வைத்துக்கொண்டு, காற்று அடித்தால் மட்டும் இறக்குகிற மிதவாதிகள். குல்லாவுக்கு மேல் மஃப்ளரும் சுற்றுகிற அவநம்பிக்கைவாதிகள். உச்சியில் கம்பளிக் குஞ்சம் வைத்ததை மகன் வாங்கிக் கொடுத்துவிட்டானே என்பதற்காக அணிகிற பரிதாபத்துக்குரியவர்கள். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும்போது கூட்டத்தின் பின்னால் நின்றால், அத்தனை தலையும் ஒரே தலைதான். என் பக்கத்து வீட்டு மாமி ஒரு வருஷம் வேறொருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டியிருக்கிறார். மாமா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இந்தக் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பாலக்ளாவா என்று பெயர். கிரிமியப் போரில், 1854-ல் சண்டை நடந்த ஊரின் பெயர் அது. அங்கே குளிரில் விறைத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஊரிலிருந்து கம்பளியில் பின்னி அனுப்பினார்களாம். கருங்கடல் ஓரம் உறைபனிக்குப் பின்னியது, பூமத்திய ரேகைக்குப் பதினோரு டிகிரி வடக்கே இருக்கிற எங்களிடம் வந்து நிரந்தரக் குடியுரிமை வாங்கிவிட்டது. தமிழில் இன்னொரு வசதி. அருகம்புல்லில் நிற்பதும் பனி, பாலத்தில் எதிர்வண்டி தெரியாமல் மறைப்பதும் பனி, இமயமலையில் ஆளையே மூடுவதும் பனி. எல்லாம் ஒரே பனி என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே குல்லா. தர்க்கம் சரியாகத்தானே இருக்கிறது?

நாம் எல்லாரும் பிறந்ததிலிருந்து பனிச்சறுக்குக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறோம், மலை மட்டும்தான் பாக்கி என்று நான் கடையிலேயே கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இத்தனை பெரிய நாட்டிலிருந்து ஒரே ஒருவர் போனார், காஷ்மீரத்து ஆரிஃப் கான். மணாலிப் பக்கத்துச் சிவ கேசவன் 1998-ல் நாகனோவுக்குப் போனபோது வயது பதினாறு. பனிச்சறுக்கு வண்டிக்குச் சக்கரம் மாட்டி மலைச்சாலையில் பழகியவர் அவர். நம் ஆட்கள் ஏன் இதில் அதிகம் இல்லை என்பதற்கு மைதானம், பணம் என்று காரணம் சொல்கிறார்கள். துணிக்கடையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சரி, மணாலி. வண்டி சோலங் போகிற வழியில் ஒரு கடை முன் நின்றது. கடைகளுக்கெல்லாம் அங்கே நம்பர். எந்த நம்பரில் நிற்பது என்பது நம் கையில் இல்லை. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மச்சினனின் ஜாக்கெட், ஸ்கூட்டர் பேண்ட், அப்பாவின் குல்லா. “சாப், யே நஹி சலேகா” என்றார். இங்கே கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உருப்படியாகத் தைத்த பனிச்சட்டையும் கம்பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். தலைக்கு 300 ரூபாய். என் மனைவி, மகள், மாப்பிள்ளை மூவரும் இரண்டு நிமிஷத்தில் அதற்குள் புகுந்து ஜிப்பை இழுத்துவிட்டார்கள். திருச்சியில் ஒரு மாதம் நான் செய்த ஆராய்ச்சியை முந்நூறு ரூபாய்க்கு அந்தக் கடைக்காரர் முடித்துவைத்தார். நான் மறுத்துவிட்டேன். கொள்கை என்று ஒன்று வேண்டாமா? தவிர, என் மகளுக்குக் கிடைத்த சட்டையின் பையில் நேற்று யாரோ உரித்த வேர்க்கடலைத் தோல் இருந்தது.

மழைக்கோட்டுப் பேண்ட் பனியில் என்ன செய்யும் என்று நான் யோசித்திருக்கவில்லை. அந்த வழவழப்புக்கு ஸ்கீ பலகை தேவையே இல்லை. பயிற்சியாளர் பலகையை மாட்டிவிடக் குனிந்தார், நான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது நான் அங்கே இல்லை. கீழே, தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடியின் நடுவில் இருந்தேன். மூன்று முறை இப்படி நடந்தது. மூன்றாம் முறை அந்த ஜோடியே ஒதுங்கி வழி விட்டது. அங்கே விற்ற மேகியின் குழம்பும், வேறு சில திரவங்களும், மச்சினனின் ஜாக்கெட்டில் படிந்தது அப்போதுதான். படம் எடுத்தார்கள். குல்லாவுக்குள் இரண்டு கண் மட்டும் தெரிகிறது. குடும்பக் குழுவில் போட்டதற்கு என் அக்கா, “இது யாரு, டிரைவரா?” என்று கேட்டிருந்தாள்.

ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பானா என்பார்கள். நான் சிரைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் செய்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரவல் ஜாக்கெட்டைத் துவைத்த கூலி 850. கிழிந்த ஸ்கூட்டர் பேண்டுக்குப் பதிலாகப் புது மழைக்கோட்டு, பேண்ட் மட்டும் தனியாகத் தர மாட்டார்களாம், 1,200. மொத்தம் 2,050. வாடகைக்கு எடுத்திருந்தால் 300. இந்தக் கணக்கை என் மனைவி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவைத்திருக்கிறாள் என்பது காப்பி டம்ளரை வைக்கிற சத்தத்தில் தெரிகிறது.

இப்போது ஜாக்கெட் மொட்டைமாடிக் கொடியில் தொங்குகிறது. பங்குனி வெயில் கொளுத்துகிறது. கீழ்வீட்டுக் குழந்தைகள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மகளைக் கேட்டதற்கு, இறகு உருண்டையானால் டிரையரில் போட்டுக் கூடவே இரண்டு மூன்று டென்னிஸ் பந்தையும் போட்டுச் சுழற்ற வேண்டும், பந்து அடிக்கிற அடியில் இறகு பிரிந்துவிடும் என்கிறாள். டிரையருக்கு மாடி வீட்டில் சொல்லிவைத்துவிட்டேன். ஆகவே கையுறை விஷயத்தை இப்போது எழுத நேரமில்லை.

திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் வாசகர்கள் யாரிடமாவது பழைய டென்னிஸ் பந்து மூன்று இருந்தால், சனிக்கிழமைக்குள் கொடுத்து உதவ வேண்டுகிறேன். தெருக் கிரிக்கெட்டில் அடிபட்டதானாலும் பரவாயில்லை. புதிதாக வாங்குகிற உத்தேசம் எனக்கு இல்லை.