கள்ளன் வரும்வரை செல் தாங்குமா?

கே: கதவு சென்சாருக்கு எந்த பேட்டரி வாங்குவது? (மதுரை வாசகி)

ப: மூடியைக் கழற்றினால் உள்ளேயே அச்சடித்திருக்கும். சிஆர்2032 என்றால் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம். பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது. கடைக்காரர் சிஆர்2025-ஐ நீட்டி "இதுவும் அதேதான் சார்" என்பார். இரண்டும் 3 வோல்ட்தான், ஆனால் இது 0.7 மி.மீ. மெலிசு. தகடு சரியாகத் தொடாது. தொட்டாலும் சரக்கு கம்மி.

கே: பத்து ரூபாய் பென்டார்ச் செல் சுவர்க் கடிகாரத்தில் வருஷக்கணக்கில் ஓடுகிறது. சென்சாரில் சீக்கிரமே படுத்துவிடுகிறதே? (திருச்சி)

ப: கடிகாரம் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். சென்சார் தூங்கிக்கொண்டே இருக்கும். கதவு திறந்ததும் ரேடியோ சிக்னல் அனுப்ப ஒரே மடக்கில் இழுக்கும். அந்த இழுப்பில் மலிவு விலை கார்பன்-துத்தநாக செல்லின் வோல்டேஜ் சரிந்து, செல் செத்துவிட்டதாகவே சென்சார் முடிவுகட்டும். அதன்மேல் 'ஹெவி டியூட்டி' என்று எழுதியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. ஆல்கலைன் வாங்குங்கள். கேட்டில் வெயில் காயும் சென்சாருக்கு 1.5 வோல்ட் லித்தியம் செல் இன்னும் மேல்: சூடு தாங்கும், எளிதில் கசியாது.

கே: தீர்ந்த செல்லை வெயிலில் வைத்தால் உயிர் வருமா? (விருதுநகர்)

ப: சூட்டில் கொஞ்சம் தெம்பு வரும், டி.வி. ரிமோட்டுக்கு நாலு நாள் போதும். வீட்டுக் காவலுக்கு வேண்டாம். பல்லால் கடிப்பதும் வேண்டாம்.

கே: நேற்று ராத்திரி ஆப் 100 சதவீதம் காட்டியது. காலையில் சென்சார் பேச்சுமூச்சில்லை. (கோவை)

ப: லித்தியத்தின் குணம் அது. ஆல்கலைன் படிப்படியாக இறங்கும். லித்தியம் கடைசிவரை நிமிர்ந்து நின்றுவிட்டுத் திடீரென்று விழும். வோல்டேஜை வைத்துக் குத்துமதிப்பாகச் சதவீதம் சொல்லும் ஆப் ஏமாந்துபோகும். செல் போட்ட தேதியை மார்க்கரில் அதன்மேலேயே எழுதுங்கள். கம்பெனி இரண்டு வருஷம் என்றால் ஒன்றரையில் மாற்றிவிடுங்கள்.

கே: சிஆர்123ஏ விலை அதிகம். அதே சைஸில் ரீசார்ஜபிள் போடலாமா? (சேலம்)

ப: சைஸ் அதேதான், வோல்டேஜ் வேறு. சிஆர்123ஏ 3 வோல்ட். நீங்கள் பார்த்த லித்தியம்-அயன் செல், முழு சார்ஜில் 4.2 வோல்ட்; சென்சார் பொசுங்கலாம். பென்டார்ச் சைஸிலும் இதே வம்பு உண்டு. ஈஆர்14505 என்று ஒன்று, தோற்றம் சாதாரண செல், வோல்டேஜ் 3.6. கடையில் வோல்டேஜைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கே: பேட்டரியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? (ஈரோடு)

ப: அந்த இடத்தில் இட்லி மாவை வையுங்கள். வெளியே எடுத்ததும் செல்மேல் நீர் கோக்கும்.

கே: புது காயின் செல், நல்ல கம்பெனி, சென்சார் கண்டுகொள்ளவே இல்லை. (நாகர்கோவில்)

ப: குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்லாக இருக்கலாம். சில கருவிகளில் அந்தப் பூச்சு தொடர்பைத் தடுக்கும். பூச்சில்லாதது வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் குழந்தைக்கு எட்டவே கூடாது. காயின் செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். ரிமோட்டுக்கு உதவாத 'தீர்ந்த' செல்லுக்கும் அந்த வேலைக்கு மிச்ச மின்சாரம் உண்டு. இரண்டு பக்கமும் டேப் ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள். விழுங்கிய சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரி; வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

கே: எல்லா செல்லும் புதுசு. இனி நிம்மதியாகத் தூங்கலாமா? (தாம்பரம்)

ப: கரண்ட் இருக்கும்வரை தூங்கலாம். சென்சார் செல்லில் ஓடுகிறது, சரி. அது சொல்வதைக் கேட்கும் ஹப்பும் ரவுட்டரும் பிளக்கில் அல்லவா நிற்கின்றன? சீரியல் தவறக் கூடாதென்று டி.வி.யை இன்வெர்ட்டரில் கொடுத்திருப்பீர்களே, அந்த லைனிலேயே இவை இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.